மானாமதுரை வீடு: ஞாயிறா, திங்களா?

பவித்ரா: சனிக்கிழமையோடு பாப்பா பிறந்தநாள் முடிந்துவிடும். ஞாயிறு எல்லோரையும் லெ கோடான் வாட்டர்ஃப்ரன்ட் கூட்டிப் போகலாம் என்று இவர் சொல்கிறார். இங்கே மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டி, தண்ணீர் ஓரத்திலேயே கடைகள், சாப்பிடும் இடங்கள், சினிமா, கேசினோ எல்லாம். வண்டியை விட்டுவிட்டு நடந்தே சுற்றலாம். சரியா?

சுதா சித்தி: சரி சரி. குடை தொங்குமே, அந்த இடம்தானே

பவித்ரா: ஆமாம் சித்தி, நடைபாதைக்கு மேலே கலர் கலராகக் குடை

சுதா சித்தி: அங்கே போட்டோ எடுத்தே ஆகணும்

அப்பா: 👍

பெரியப்பா: ஞாயிறு வேண்டாம், திங்கள் போகலாம். அந்த வளாகத்துக்குள்தான் ப்ளூ பென்னி மியூசியம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மொரிஷியஸ் 1847-ல் அடித்த முதல் இரண்டு தபால்தலை அங்கே இருக்கிறது, பிரிட்டிஷ் காலனிகளிலேயே முதலில் வந்தது அதுதான். ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு பென்னி நீலம். ஒவ்வொன்றிலும் 500தான் அடித்தார்கள். இன்றைக்கு இரண்டும் சேர்த்து உலகம் முழுக்க 30 கூடத் தேறாது. கவர்னர் மனைவி நடன விருந்துக்கு அழைப்பு அனுப்பியபோது அதைத்தான் ஒட்டினார். நம் நாட்டின் முதல் தபால்தலையான சிந்து தபால்தலையே 1852-ல்தான் வந்தது. 38 வருடம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவன் நான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.

கார்த்தி: நேரில் எவ்வளவு பெரிசு இருக்கும் பெரியப்பா

பெரியப்பா: கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு

முருகேசன் சித்தப்பா: அண்ணே, போனிலேயே பார்க்கலாமே

பெரியப்பா: போன் போதாது முருகேசா. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும் என்று அசலுக்கு மணிக்குச் சில நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள், மற்ற நேரம் நகல்தான் கண்ணுக்குத் தெரியும். அது எப்போதும் அந்த ஊரிலேயே இருந்ததும் இல்லை, வெளிநாட்டுக்குப் போயிருந்தது. 1993-ல் மொரிஷியஸ் வங்கிகளும் கம்பெனிகளும் சேர்ந்து 20 லட்சம் டாலர் அளவுக்குப் போட்டு ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். போன பொருளை மீட்டவர்கள். நம் வீட்டில் இருந்த தபால்தலை ஆல்பத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டோம்.

சுதா சித்தி: ஆல்பம் வந்தாச்சு

முருகேசன் சித்தப்பா: அண்ணே அதை அம்மாதான் போட்டாங்க. வெள்ளையடிக்கும்போது

செல்வி அம்மா: பவி, பருப்புப் பொடி 2 கிலோ போதுமா. கறிவேப்பிலை எடுத்து வரட்டா

பவித்ரா: அம்மா இலை, விதை, பழம் எதுவும் வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள். கறிவேப்பிலை இங்கே மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக இருக்கிறது. ‘கேரிப்புலே’ என்று கேட்டால் போதும், இங்கே பேசும் கிரியோல் மொழியிலும் நம் சொல்தான்

செல்வி அம்மா: அடடே

கார்த்தி: ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்குமே அக்கா

பவித்ரா: இருக்கிறது. 1998-ல் இந்திக்குக் கீழே தமிழைப் போட்டுப் புது நோட்டு அடித்துவிட்டார்கள், இங்கே உள்ள தமிழ் ஆட்கள் விடவில்லை. அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டு மாற்றி அடித்தார்கள்

முருகேசன் சித்தப்பா: சபாஷ்

அப்பத்தா (குரல் செய்தி, கார்த்தி எழுதியது): “நான் எங்கப்பா போட்டேன். இவன்தான் கட்டோடு தூக்கிக் கொடுத்தான், நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் எட்டணா கொடுத்தான்.”

பெரியப்பா: 🙏

சுதா சித்தி: எட்டணாவுக்கா 😮

முருகேசன் சித்தப்பா: எனக்கு அப்போ 11 வயசு

செல்வி அம்மா: அதை விடுங்க இப்போ. ஞாயிறா திங்களா

பவித்ரா: திங்கள் இவருக்கு லீவு இல்லை அம்மா. ஆனால் உங்கள் ஃப்ளைட் அன்று ராத்திரிதான். ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறினால் நேராகப் போர்ட் லூயிஸ், ஸ்டேஷனிலிருந்து கோடான் நடக்கிற தூரம். ஞாயிறு எல்லோரும் போவோம், மத்தியானத்துக்குள் போய்விடணும், அதற்கு மேல் டவுனே வெறிச்சென்று ஆகிவிடும். திங்கள் காலை பெரியப்பா மட்டும் மெட்ரோவில் போய் வரட்டும்

கார்த்தி: அந்த ரயிலைப் போட்டதே நம்ம எல் அண்ட் டிதான் பெரியப்பா, பயப்படாதீங்க

பெரியப்பா: பயமெல்லாம் இல்லை. மொழிதான்.

சுதா சித்தி: ரெண்டு தடவையா. பெட்டி எப்போ கட்டுவது

அப்பத்தா (குரல் செய்தி): “பவித்ரா, மொரிஷியஸை மிரிச்சுத் தேசம் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். அவருடைய சின்னையா கப்பல் ஏறிப் போனவர் திரும்பவே இல்லையாம். அழகன் என்று பேர். அவர் இறங்கின இடம் ஒன்று இருக்குமே, அது எங்கே இருக்கு?”

பவித்ரா: அப்பத்தா, அது கோடானிலிருந்து பத்து நிமிடம். ஆப்ரவாசி காட். கூலி வேலைக்கு வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய கல் படி இன்றும் அப்படியே இருக்கிறது. கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். மோக்காவில் காந்தி இன்ஸ்டிட்யூட் ஒன்று உண்டு, அவர்கள் பதிவேடு அங்கே இருக்கிறது, சிலருக்குப் போட்டோகூட. ஆனால் பேர் மட்டும் போதாது, ஊர், வருடம் எல்லாம் கேட்பார்கள்

செல்வி அம்மா: யாருக்கு நினைவிருக்கும் அதெல்லாம்

அப்பத்தா (குரல் செய்தி): “ஊர் இளையான்குடிப் பக்கம். எனக்கு அந்தப் படியை மட்டும் காட்டு போதும். முட்டி வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவேன்.”

முருகேசன் சித்தப்பா: அண்ணே, திங்கள் நானும் வரேன். விளக்குப் போடுகிற நேரத்தை மட்டும் கேட்டு வையுங்க

பெரியப்பா: சரி முருகேசா.

முருகேசன் சித்தப்பா: அம்மாவையும் கூட்டிப் போயிடலாம்

பவித்ரா: நான் காலையில் ரெண்டு இடத்துக்கும் போன் போட்டு நேரம் கேட்டுச் சொல்கிறேன்

சுதா சித்தி: அப்போ நானும் திங்களே வரேன். குடை திங்களும் தொங்கும்தானே

பவித்ரா: தொங்கும் சித்தி

கார்த்தி: அப்போ ஞாயிறு யார் போறது?

அப்பா: 👍