தாய்லாந்து ஹாட்யாய் போய் வந்து பைக் டாங்கி வீங்கியவர்கள் யாராவது உண்டா?

பாகான் ஆஜாம் ரைடர்

ஃபெரியில் நடந்தது இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் கேட்கிறேன். காலை ஏழரை, பினாங்குத் தீவுக்குப் போகிற பட்டர்வொர்த் ஜெட்டி, வேலைக்குப் போகிற கூட்டம். இப்போதுதான் ஃபெரியில் கார் கிடையாதே, மோட்டாரும் சைக்கிளும் மட்டும். முன்னால் இருக்கிற ஆளை ஒட்டி நிறுத்த ஹேண்டிலை இடது பக்கம் முழுசாக ஒடித்தேன். ஹார்ன் அலற ஆரம்பித்தது. கட்டை விரலை எடுத்துவிட்டேன், அப்போதும் நிற்கவில்லை. முன்னால் இருந்த அம்மா திரும்பி முறைத்த முறை இருக்கிறதே! குனிந்து பார்த்தால் ஹார்ன் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது என் எண்ணெய் (பெட்ரோல்) டாங்கி.

ஐரோப்பிய பைக், இரண்டு சிலிண்டர், செகண்ட் ஹேண்ட். பெயர் வேண்டாம். டாங்கி பிளாஸ்டிக், மேலே பெயிண்ட் அடித்தது. எட்டு மாதத்தில் நாலு தடவை ஹாட்யாய். அங்கே ஊற்றியது எல்லாம் கேசோஹால் 95தான், பத்து சதவீதம் எத்தனால் (சாராயம்) கலந்த பெட்ரோல். பென்சின் என்கிற கலப்பில்லாத பெட்ரோல் விலை அதிகம், எல்லா நிலையத்திலும் கிடைப்பதும் இல்லை. கடைசியாகப் போனபோது அங்கேயே டாங்கியை நிரப்பித் திரும்பி வந்து, ஒரு மாதம் வீட்டுக்கு முன்னால் போட்டு வைத்திருந்தேன். அதற்கு அப்புறம்தான் இந்தக் கூத்து. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் டாங்கியின் பின்பக்கம் போல்ட் போடுகிற காதும் ஃபிரேமில் இருக்கிற ஓட்டையும் ஒரு விரல் அகலம் விலகி நிற்கின்றன.

செந்தூல் 150

நாலு தடவை போனதற்கே டாங்கி வீங்கும் என்றால் தாய்லாந்தில் ஒரு பைக் ஓடாது. என் பைக் எல்லை தாண்டியதே இல்லை, அதுவும் இதே நைலான் பிளாஸ்டிக் டாங்கிதான். நம் ஊர் எண்ணெயில் எத்தனால் கலக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது, பாமாயில் கலப்பது டீசலில். அப்படியும் எனக்கு நடந்தது.

ஃபில்டர் மாற்ற டாங்கிக்குள் இருக்கிற பெட்ரோல் பம்பை வெளியே எடுத்தோம். அதன் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அதுதான் விஷயம். வெளியே வந்த நிமிடமே பெரிதாகிவிட்டது. திரும்ப அந்தப் பள்ளத்தில் வைத்தால் அரை அங்குலம் மிச்சம். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பாம்பு மாதிரி எழும்புகிறது. நானும் பொமனும் (மெக்கானிக்) ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்து ஃபேனுக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டு, 'நாளைக்கு வா' என்றார். மறுநாள் காலையில் அதே வளையம், அதே பள்ளம், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

ரப்பர் எண்ணெயைக் குடிக்கும், நைலான் தண்ணீரைக் குடிக்கும். கே.எல். (கோலாலம்பூர்) காற்றில் இருக்கிற ஈரமே போதும். எத்தனால், எத்தனால் என்று பயமுறுத்தாதீர்கள்.

ஜாலான் ஈப்போ பொமன்

என் கடைக்கு இந்த மாதிரி ஒன்று வந்தது. ஓட்டை பொருந்தவில்லை என்று அந்தத் தம்பி வீட்டிலேயே சுத்தியலால் தட்டி போல்ட்டை ஏற்றியிருக்கிறார். காது அடியோடு விரிசல் விட்டு, சூடான எக்ஸாஸ்ட் மேல் எண்ணெய் சொட்டியபடியே ஓட்டி வந்தார். தீப்பிடிக்காதது அவர் அம்மா வேண்டிக்கொண்டது.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். போல்ட் ஓட்டையை டிரில் போட்டுப் பெரிதாக்காதீர்கள். முதலில் எண்ணெயை முழுக்க வடித்துவிடுங்கள். பம்ப், மூடி, அடியில் போகிற குழாய் எல்லாவற்றையும் கழற்றி டாங்கியை வெறும் கூடாக ஆக்குங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், வாய் திறந்தபடி வையுங்கள். சமையலறைக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் வேண்டாம், ஆவி இருக்கும். வெயிலில் போடாதீர்கள், ஹீட் கன் காட்டாதீர்கள், பெயிண்ட் போய்விடும். இது இரண்டு நாள் வேலை இல்லை, பல வாரம் ஆகும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கை வைத்துப் பார்த்துத் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். குறைவது நின்றால் காய்ந்தது. பழைய அளவுக்கு அப்படியே திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன், சிலது பாதிதான் வரும். உள்ளே காப்புக்கு எபாக்ஸி பிசின் பூச வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த பிறகுதான். ஈரத்தோடு பூசினால் தோல் உரிகிற மாதிரி உரிந்து பம்பை அடைக்கும். அப்புறம், கேசோஹால் ஊற்றிய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பத்து சதவீதக் கலப்பில் தண்ணீர் ஏறக்குறைய அரை சதவீதத்தைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். அந்த நிலைக்கு வந்த எண்ணெயை வடித்துக் கொட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பழைய கார்பு

செந்தூல் தம்பி சொன்னதில் பாதி சரி. நைலான் 6 தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தால் தன் எடையில் 9 சதவீதம் வரை குடிக்கும். ஆனால் அதே நைலானுக்குள் எத்தனாலும் புகும், தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். காற்று ஈரம் மட்டுமே காரணம் என்றால், பத்து சதவீதம் எத்தனால் ஊற்றுகிற அமெரிக்காவில் ஏன் இவ்வளவு சத்தம்? கலிஃபோர்னியாவில் டுகாட்டி மேல் இந்த டாங்கி விஷயமாகக் கூட்டு வழக்கே போட்டார்கள், உத்தரவாதத்தை நீட்டிப்பதாகச் சமரசம் ஆனது. கலிஃபோர்னியா செந்தூலைவிட ஈரமான ஊரா?

என் கதை அதைவிட மோசம். என்னுடையது எழுபதுகளின் வண்டி, ஃபைபர்கிளாஸ் டாங்கி. தாய்லாந்து பெத்தோங் வரைக்கும் ஓட்டிப் போய் அங்கே கேசோஹால் ஊற்றினேன். சில வாரம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரைத் திறந்தால் ஊசியைச் சுற்றி பழுப்பாக, தேன் மாதிரி ஒன்று இழுபட்டது. விரலில் தொட்டேன், ஒட்டிக்கொண்டு விடவே இல்லை, தின்னர் போட்டுத் தேய்த்தேன். அது எண்ணெயில் வந்த அழுக்கு இல்லை. டாங்கியின் பாலியெஸ்டர் பிசினே கரைந்து வந்திருக்கிறது. வீங்கின டாங்கியையாவது காயவைக்கலாம். கரைந்ததை எங்கே போய்ப் பொறுக்குவது?

காட்டு வழி

எல்லாரும் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள். என்னுடையது எஸ்டேட் பாதைக்கு மாட்டின பெரிய வெள்ளை டாங்கி, பாலிஎத்திலீன். எத்தனாலுக்கு அது அசையவே இல்லை. ஆனால் எண்ணெய் ஆவி மெதுவாகச் சுவர் வழியே கசியும். அழகாக ஒட்டின ஸ்டிக்கர் இரண்டே மாதத்தில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக ஆனது. பெயிண்டும் அதில் நிற்காது. பளபள என்று பெயிண்ட் அடித்த டாங்கி வேண்டும் என்றும்தான் கம்பெனிக்காரன் நைலானுக்குப் போனான். அழகுக்குக் கொடுத்த விலை, வேறென்ன.

கப்சாய் அங்கிள்

என் கப்சாய்க்கு (சின்ன மோட்டார் சைக்கிள்) இரும்பு டாங்கி. எல்லைக்குப் பக்கத்தில் சங்லூனில் தாய்லாந்து இன்சூரன்ஸ் எடுத்து இருபது வருஷமாகப் போய் வருகிறேன். ஒரே ஒரு தடவை பழைய ரப்பர் குழாய் கையோடு பிய்ந்து வந்தது. இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றினேன். அவ்வளவுதான்.

செந்தூல் 150

அங்கிள், இரும்பு டாங்கிக்கு இங்கே என்ன வேலை? கார்பு அண்ணே, ஃபைபர்கிளாஸ் வேறு, நைலான் வேறு என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். ரைடர் அந்த ஒரு மாதம் மழையில்தானே வண்டியைப் போட்டு வைத்தார்? அதை யாரும் கேட்கவில்லை.

பாகான் ஆஜாம் ரைடர்

மழை இல்லை தம்பி, கூரைக்கு அடியில்தான். கவரும் போட்டிருந்தேன். நீங்கள் சொன்னதையும் விட்டுவிடவில்லை. பம்பைக் கழற்றியதும் அந்த வளையம் எனக்கும் அதே பாம்பாட்டம் காட்டியது.

பொமன் அண்ணே சொன்னபடி டாங்கியைப் பின்னறையில் ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். முதல் வாரம் வீடு முழுக்க எண்ணெய் வாடை, அம்மா வாசலில் படுப்பதாகச் சொல்லிவிட்டார். சமையலறைத் தராசை எடுத்ததற்குத் தனியாக ஒரு அர்ச்சனை. முதல் மூன்று வாரம் எடை நன்றாகக் குறைந்தது, நாலாவது வாரம் கொஞ்சம், ஆறாவது வாரம் முள் நகரவே இல்லை. நேற்று ஃபிரேமில் தூக்கி வைத்துப் பார்த்தேன். ஹேண்டிலை இடது பக்கம் முழுசாக ஒடித்தேன், ஹார்ன் பொத்தானுக்கும் டாங்கிக்கும் நடுவில் ஒரு காகிதம் போகிறது. பின்பக்கம் வலது போல்ட் கையாலேயே ஏறியது. இடது பக்கம் இன்னும் இரண்டு நூல் தள்ளி நிற்கிறது. சுத்தியலைத் தொடவில்லை. திரும்ப ஸ்டூல் மேலேயே வைத்துவிட்டேன்.