தொட்டியை நிரப்பினால் சிக்லிட் சண்டை நிற்குமா?

ஆழ்நீர்:
நான்கடி நீளமும் ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியில் ஆஸ்கார், ரெட் டெவில், கிரீன் டெரர் ஆகிய, சிக்லிட் என்னும் சண்டைக்கார மீன் குடும்பத்தைச் சேர்ந்த மூன்றையும் சேர்த்து வளர்க்கலாமா என்று புதியவர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மலாவிப்பித்தன் அவர்கள், "தொட்டியை மீன்களால் நிரப்பிவிடுங்கள், நெரிசலில் எந்த மீனுக்கும் இன்னொன்றைத் துரத்த இடமிருக்காது" என்று அருள்வாக்கு அளித்திருக்கிறார். ஆஸ்கார் வளர்ந்தால் 30 சென்டிமீட்டரைத் தொடும். அந்தத் தொட்டியின் அகலமோ 45 சென்டிமீட்டர். உடம்பைத் திருப்பவே சிரமப்படும் மீனைச் சுற்றி வேறு எதை வைத்து நிரப்புவதாக உத்தேசம்?

மலாவிப்பித்தன்:
நெரிசல் சண்டையைக் குறைக்கும் என்பது சிக்லிட் வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. என் தொட்டியில் ஆராட்டஸ் உட்பட, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த பாறை மீன்கள் நெருக்கமாகவே வாழ்கின்றன. ஆதிக்கம் செலுத்தும் ஆண் இன்னொரு மீனைத் துரத்தத் தொடங்கினால், பாதி வழியில் வேறொன்று குறுக்கே வரும். கவனம் சிதறி அது தன் பாறைக்கே திரும்பிவிடும். அதே தொட்டியில் பாதி மீன்களை எடுத்துப் பாருங்கள், மிச்சமிருப்பவற்றில் எளியது முதலில் சாகும். நெரிசல் வேலை செய்கிறது. பார்க்கக் கண் வேண்டும், அவ்வளவுதான்.

ஆழ்நீர்:
நெரிசல், நெரிசல், நெரிசல். தங்கள் ஆராட்டஸ் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மீன், பாசி மேய்வது, அதன் பெண் முட்டைகளை வாயில் அடைகாத்துக்கொண்டு தன் வழியே போய்விடும். ரெட் டெவில் நிகரகுவா ஏரிகளின் மீன். அது ஜோடி சேர்ந்து, ஒரு கல்லைத் துப்புரவாக்கி முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதிரில் ஒன்று இருந்தாலும் இருபது இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, எல்லாவற்றையும் அடிக்கும். அவ்வளவு ஏன், விரல் நீளமே உள்ள கான்விக்ட் சிக்லிட் ஜோடி ஒன்று முட்டையிட்ட பிறகு நான்கடித் தொட்டியைப் பாருங்கள்: பாதித் தொட்டி காலியாகக் கிடக்கும், மற்ற மீன்கள் அத்தனையும் மறுகோடியில், ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, தலை மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இதுதான் தங்கள் நெரிசல்.

செவுளன்:
இருவரும் கோபப்படாமல் இருந்தால் நான் ஒன்று சொல்வேன். ரெட் டெவிலுக்குப் பதிலாக ஜாக் டெம்ப்சியைத் தேர்ந்தெடுக்கலாமே. அடக்கமான மீன்.

மலாவிப்பித்தன்:
1919 முதல் 1926 வரை குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வைத்திருந்தவரின் பெயரைத் தாங்கிய மீன் அடக்கமானதா? நன்று.

செவுளன்:
பெயர் வைத்தவர்கள் மீனை வளர்த்துப் பார்த்துவிட்டு வைத்தார்களா என்பது எனக்குச் சந்தேகமே. பெரிய சிக்லிட்கள் உள்ள தொட்டியில் ஜாக் டெம்ப்சி பெரும்பாலும் மரக்கட்டைக்குப் பின்னால் நிறம் கருத்து ஒளிந்திருப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

ஆழ்நீர்:
ஒளிந்திருப்பது அடக்கத்தால் அல்ல, அடி வாங்கியதால். பேச்சை மாற்றாதீர்கள். நெரிசலை ஆதரிப்பவர் எவரும் தண்ணீரைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? மலாவி மீன்களுக்குப் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 8ஐ ஒட்டி இருக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் மீன்களை அடைத்து வைத்து, மின்சாரம் நின்று வடிகட்டியும் ஓடாமல் போனால், சண்டை நிச்சயமாக நின்றுவிடும். மலாவிப்பித்தன் அவர்கள் சொன்னது ஒருவகையில் மெய்தான்.

கொம்பரசன்:
இத்தனை வாதமும் எதற்கு? ஒரு தொட்டி, ஒரு ஃபிளவர்ஹார்ன். சண்டையும் இல்லை, நெரிசலும் இல்லை. நான் தொட்டியருகே போனால் என் விரலைத் தொடர்ந்து கண்ணாடி நெடுக வருகிறது. சரளைக் கற்களைத் தன் விருப்பப்படி வாயால் அள்ளி இடம் மாற்றுகிறது. உங்கள் கூட்டத்தில் எந்த மீன் அப்படிச் செய்யும்?

ஆழ்நீர்:
ஃபிளவர்ஹார்ன் மலேசியாவில் மனிதர்கள் கலந்து உண்டாக்கிய கலப்பு. இயற்கை இனங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

கொம்பரசன்:
என் ஃபிளவர்ஹார்னின் நெற்றியில் இயல்பாகவே புடைத்திருக்கும் கொண்டையைப் படத்தில் பார்த்துவிட்டு "வீக்க நோய், உடனே தனிமைப்படுத்துங்கள்" என்று முன்பு எழுதியவர் தாங்கள்தானே? மறந்துவிட்டீர்கள் போலும். நான் மறக்கவில்லை.

ஆழ்நீர்:
படம் தெளிவாக இல்லை என்று அன்றே எழுதினேன். அதற்கும் நெரிசலுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி கேட்டவர்:
மன்னிக்கவும், ஆஸ்காரை ஏற்கெனவே விட்டுவிட்டேன். இப்போது உள்ளங்கை அளவு இருக்கிறது. அதனுடன் வேறு எதையாவது விடலாமா, கூடாதா என்று மட்டும் சொன்னால் போதும்.

செவுளன்:
கற்களையும் கட்டைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் புதிய மீனை விடுங்கள். பழைய எல்லைகள் குலைந்துபோவதால் முதல் நாள் அடி சற்றுக் குறையும். வாயோடு வாய் கவ்விக்கொண்டால் கையை நுழைக்காமல், நடுவே தடுப்புக் கண்ணாடி இறக்குங்கள்.

ஆழ்நீர்:
தடுப்பு வைத்தால் நான்கடி இரண்டடியாகும். இரண்டடியில் ஆஸ்காரா? தனியாக வளருங்கள், அதுவும் சீக்கிரமே பெரிய தொட்டிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால். ஆஸ்கார் முதல் ஆண்டில் வளரும் வேகத்தைப் பார்த்தால் தானே புரியும். இதைத்தான் முதலிலிருந்து சொல்லி வருகிறேன். எனக்கு மறுமொழி தருவதாக நினைத்து ஆளுக்கொரு பக்கம் போகிறீர்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நெரிசலால் ரெட் டெவில் அடங்குமா? ஆம் என்கிறவர் தன் தொட்டியில் செய்து காட்டட்டும்.

மலாவிப்பித்தன்:
ரெட் டெவில் என்ற பெயரை நான் எழுதவே இல்லை. நெரிசல் சண்டையைக் குறைக்கும் என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன். உங்களுக்காகவே வரும் ஞாயிறன்று என் தொட்டியில் இன்னும் ஆறு மீன்களை விடப்போகிறேன்.

ஆழ்நீர்:
தாராளமாக விடுங்கள். மறுவாரம் அம்மோனியா அளவையும் சேர்த்து எழுதுங்கள். படமும் தெளிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கொம்பரசன் அவர்கள் வருத்தப்படுவார்.

கொம்பரசன்:
பார்த்தீர்களா, மறுபடியும் என் மீனிடமே வருகிறார்.