ஒரே பாரை ரெண்டு தரம் பதியுது: வெப் சேர்விஸ் ஆராய்ச்சி பழசா?

உவர்மலைப் பொடியன்:
வணக்கம். கோணேசபுரி வளாகத்தில கடைசி வருசம் படிக்கிறன். சித்தப்பாவுக்குத் திருக்கடலூரில மீன் வாடி. விடிய நாலு மணிக்குத் தோணி வர, நிறுத்து, துண்டு எழுதி, ஐஸ் பெட்டியில அடுக்கி லொறியில கொழும்புக்கு ஏத்துவினம். அந்தத் துண்டைப் போனில பதிய ஒரு சின்ன ஆப் செய்து குடுத்தன். போன கிழமை 38 கிலோ பாரை 76 கிலோவாப் போயிட்டுது. சித்தப்பா 'சேமி'யை அமத்த, வட்டம் சுத்திச் சுத்தி 'தொடர்பு இல்லை' எண்டு வந்திருக்கு. மனுசன் திரும்ப அமத்தினார். ரெண்டும் பதிஞ்சிட்டுது. கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தையில பெட்டியை நிறுத்துப் பாத்திட்டு "மிச்ச மீன் எங்க?" எண்டு கேட்டது லொறி ஓட்டின அண்ணாவை. இருபது வருசமா ஒரு கிலோ பிசகாமக் கொண்டுபோறவர். திரும்பி வந்து என்னோட கதைக்காம கதிரையில இருந்தார்.

போன் ஆப்பும் சேர்வரும் இணையத்தில கேட்டுப் பதில் சொல்லிக் கதைக்கிறதுதானே வெப் சேர்விஸ், அதில வாற இந்தப் பிழையையே ஆய்வுத் தலைப்பா எடுக்கப் பாக்கிறன். கூட்டாளியள் "வெப் சேர்விஸ் பழசு, ஏஐ எடு" எண்டு நிக்கிறாங்கள். உண்மையிலேயே பழசா?

நிலாவெளி அக்கா:
தம்பி, பழசு எண்டு சொல்லுறவை டைம்அவுட் (காத்திருந்தும் பதில் வராமப் போறது) வந்தா என்ன நடந்தது எண்டு சொல்லட்டும் பாப்பம். கோரிக்கை போகவே இல்லையா, சேர்வர் பதிய முதலே விழுந்திட்டுதா, பதிஞ்சு அனுப்பின பதில் வழியில துலைஞ்சுதா? மூண்டும் போனுக்கு அதே வட்டம்தான். மூதூரில ஒருத்தர், டவுனில ஒருத்தர், நாளைக்கு ஒரே நேரம் வலை விடோணும், கொட்டியாரக் குடாவைக் கடக்கிற வள்ளத்தில கடிதம் குடுத்துத்தான் கதைக்கலாம் எண்டு வை. கடிதம் கிடைச்சது எண்ட பதிலும் வள்ளத்திலதான் வரோணும். அந்தப் பதில் கிடைச்சதுக்கு இன்னொரு பதில். எத்தினை வள்ளம் விட்டாலும் கடைசி வள்ளம் சேந்துதோ எண்டு அனுப்பினவருக்குத் தெரியாது. இரு தளபதிகள் சிக்கல் எண்டுவினம். தீர்வில்லை எண்டு 1970களிலேயே காட்டியாச்சு.

அதால, ஒரே தரம் போய்ச் சேரோணும் எண்டு மினக்கெடாத. பத்துத் தரம் வந்தாலும் ஒரே தரம் பதியோணும். புதுத் துண்டைத் திறக்கேக்கையே போன் ஒரு எண் போடட்டும். எத்தினை தரம் அமத்தினாலும் அதே எண் போகோணும். டேட்டாபேஸில அதுக்கு யூனிக் போடு, அதே எண் ரெண்டாந்தரம் ஏறாது. எண்ணும் கிலோவும் ஒரே டிரான்சாக்‌ஷனில ஏறோணும், மறந்திடாத: ஏறினா ரெண்டும் ஒண்டா, விழுந்தா ரெண்டும் ஒண்டா. இல்லாட்டி இடையில கரண்ட் போனா திரும்பவும் லொறிக்கார அண்ணாவுக்குத்தான் கரைச்சல்.

பழைய எக்ஸ்எம்எல்காரன்:
தம்பி, சஞ்சீவ வீரவரணவின்ட வேலையை வாசிக்காமத் தலைப்பு எழுதாதேங்கோ. ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில இருந்த எங்கட நாட்டு ஆள். ஒரு சேர்விஸ் என்ன கேக்கும், என்ன குடுக்கும் எண்டதை இயந்திரம் வாசிக்கிற மாதிரி எழுதிற டபிள்யூஎஸ்டிஎல் 1.1, 2001-ல வந்தது. எழுதின நாலு பேரில அவர் ஒருத்தர். பிறகு லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேசன், 2005-ல டபிள்யூஎஸ்ஓ2 எண்ட மென்பொருள் கொம்பனி. சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவையைத் தேட, முகாம்களைப் பதிய எழுதின சஹானா எண்ட மென்பொருளும் அந்தப் பவுண்டேசனைச் சுத்தி நிண்டவை செய்ததுதான். நான் அப்ப உப்புவெளியில ஒரு முகாமில கொப்பியில பேர் எழுதினவன். ஒரே பிள்ளையின்ட பேர் மூண்டு முகாமில மூண்டு எழுத்தில கிடந்தது. உங்கட பாரையைப் பாக்க எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

ஒரே செய்தி ரெண்டு தரம் வந்தா ஒண்டைத் தள்ளிவிட டபிள்யூஎஸ் ரிலையபிள் மெசேஜிங் எண்டு வெப் சேர்விஸுக்கு ஒரு பொது நியமமே இருக்கு. ஆனா சித்தப்பா ரெண்டாந்தரம் அமத்தினது அதுக்குப் புதுச் செய்தி. நடுவில இருக்கிற நெட்வேர்க் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் இதை ரெண்டு நுனியிலதான் சரிசெய்யேலும் எண்டு சால்ட்சர், ரீட், கிளார்க் எண்ட மூண்டு ஆராய்ச்சியாளர் 1984-லேயே எழுதிவைச்சிருக்கினம். உங்கட தலைப்பு அங்கதான் கிடக்கு.

உவர்மலைப் பொடியன்:
அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஏரோபிளேன் மோடைப் போட்டுப் போட்டு இருபது தரம் அமத்தினன். ஒரு வரிதான் ஏறினது! ஆனா சித்தப்பாவும் மச்சானும் ஆளுக்கொரு போனில ஒரே துண்டைப் பதிஞ்சா எண் ரெண்டாகுதே?

நிலாவெளி அக்கா:
அப்ப போன் போடுற எண்ணை விடு. துண்டுப் புத்தகத்தில அச்சடிச்ச நம்பர் இருக்குமே, புத்தக நம்பரோட சேத்து அதையே எண்ணாக்கு. ரெண்டு பேரும் வேற வேற கிலோ அடிச்சா ரெண்டாவதைச் சத்தமில்லாம விழுங்க விடாத, சிவப்பில காட்டு. எது சரியெண்டு தராசடியில நிண்டவர் சொல்லட்டும்.