பழைய எம்டிபி (மலைப்பாதை) சைக்கிள் வாங்கும்போது ஃபிரேம் அளவு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வேளச்சேரி உறுப்பினர்:
தம்பிக்காக மடிப்பாக்கத்தில் ஒரு பழைய எம்டிபியைப் பார்க்கப் போயிருந்தோம். ஃபிரேம் அளவைத் தொலைபேசியில் கேட்டபோது விற்பவர் “26” என்றார். அது சக்கரத்தின் அளவு என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். நேரில் அளந்தால், பெடல் கைகளை இணைக்கும் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரை 15 அங்குலம்தான் இருந்தது. தம்பியோ ஆறடி உயரம். அவன் முழங்கால் மடங்கியே இருப்பதைக் கண்ட விற்பவர் சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டை உயர்த்திக்கொண்டே போனார். இதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்று பொறித்திருக்கும் கோடு, குழாய்க்கு வெளியே இரண்டு விரற்கடை தெரிந்த பிறகும், “இப்போது சரியாக இருக்கிறதே” என்றார். போஸ்ட் அவ்வளவு குறைவாக உள்ளே இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது அது முறியலாம், அல்லது சீட் குழாய் பிளக்கலாம். நாங்கள் வாங்கவில்லை. அடுத்துக் காத்திருந்த, தம்பியைவிட உயரமான மாணவரிடம் அந்தக் கோட்டைக் காட்டினேன். அவர் தலையசைத்தபடியே பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெரம்பூர் உறுப்பினர்:
சீட் குழாயை மட்டும் அளந்து முடிவெடுப்பதை நான் ஏற்கவில்லை. இன்றைய எம்டிபிகளில் மேல் குழாய் சீட்டை நோக்கிச் சரிந்திருப்பதால், சீட் குழாய் குட்டையாகவும் ஃபிரேம் நீளமாகவும் இருக்கக்கூடும். அண்ணா நகரில் என் மகள் பார்த்த ஃபிரேமில், கால்களை இருபுறமும் ஊன்றி நின்றபோது தாராளமாக இடைவெளி இருந்தது. ஓட்டத் தொடங்கியதும் முழங்கைகள் விறைத்து, பிரேக்கை எட்டவே உடலை முன்னே தள்ள வேண்டியிருந்தது. சீட்டை ஏற்றி இறக்கலாம், ஹேண்டிலை முன்புறம் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மீட்கலாம். ஃபிரேமின் நீளத்தை எந்தக் கடையிலும் குறைத்துத் தர மாட்டார்கள்.

தாம்பரம் உறுப்பினர்:
இரண்டு நிறுவனங்களின் மீடியம் ஃபிரேம்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பொருந்தியது, மற்றது பொருந்தவில்லை. ஆகவே எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். வீட்டில் வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை, அதாவது உங்கள் கால் நீளத்தை, அளந்துகொள்ளுங்கள். விற்பவரிடம் மாடலையும் ஆண்டையும் கேட்டு, அந்த ஆண்டின் அட்டவணையில் ‘ரீச்’ என்ற எண்ணைப் பாருங்கள். பெடல் அச்சுக்கும் ஃபிரேமின் முன்குழாய் மேல்முனைக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரம் அது. சீட்டை எப்படி நகர்த்தினாலும் மாறாது. போகும்போது அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாக ஓட்டும் காலணியையே அணிந்து, மேல் குழாய்க்கு மேலே 5 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நேரான சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தாமல், குறுகிய வளைவிலும் திருப்பிப் பாருங்கள். ஃபிரேம் குட்டையானால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கலாம்.