மதுரையில் குடியேற திருநகரா, அய்யர் பங்களாவா?

கேள்வி: சென்னையை விட்டு மதுரைக்கே திரும்புகிறோம். பெரியவன் மூன்றாவது, சின்னவள் யுகேஜி. எனக்கு வேலை மாட்டுத்தாவணி பக்கம். குடியேற திருநகர் பகுதியா, அய்யர் பங்களா பகுதியா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

பதில் 1: மாட்டுத்தாவணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அய்யர் பங்களா. திருநகரிலிருந்து தினமும் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும், சித்திரைத் திருவிழா நேரத்தில் கேட்கவே வேண்டாம். அய்யர் பங்களா இருக்கும் நத்தம் சாலையில் 2023-இல் பறக்கும் பாலமும் வந்துவிட்டது, கலைஞர் நூலகமும் வந்துவிட்டது. சனிக்கிழமையானால் என் மகள் அங்கேதான்.

பதில் 2: அண்ணே, முதலில் தண்ணீரை விசாரியுங்கள். நாங்கள் அய்யர் பங்களாவில் வாடகைக்கு இருந்த வீட்டில் போர் தண்ணீர் ஒரே உப்பு, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகவே வேகாது. தெருவுக்குத் தெரு மாறும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிற்றுக்கிழமை டம்ளரோடு கிளம்புகிறோம்.