புதுப்பிப்பு: எம்பிஏ எஸ்ஸே ரெண்டும் சப்மிட் பண்ணியாச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, திருப்பூர் எக்ஸ்போர்ட் யூனிட்ல மெர்ச்சண்டைசரா (ஆர்டர்கள பாத்துக்கற வேலை) இருக்கேன், எம்பிஏ அட்மிஷனுக்கு ஹார்வர்டுக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஒரே எஸ்ஸேவ கொஞ்சம் மாத்தி அனுப்பலாமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றிங்க.

ஒரே எஸ்ஸே செட் ஆகாது. ஹார்வர்டு 2024ல பழைய 900 வார்த்தை கேள்விய தூக்கிட்டு மூணு சின்ன கேள்வி வச்சுட்டாங்க, கரியர் பத்தி 300 வார்த்தை, லீடர்ஷிப்புக்கு 250, ஆர்வம் வளர்ச்சி பத்தி இன்னொரு 250, அதுல கதை சொல்ல இடமே இல்ல, நேரா விஷயத்துக்கு போயிடணும்.

ஸ்டான்ஃபோர்டு அப்படி இல்ல. உங்களுக்கு எது ரொம்ப முக்கியம், ஏன்னு கேக்கறாங்க, அந்த 'ஏன்'லதான் எல்லாமே இருக்குன்னு இங்க ஒரு அக்கா சொன்னாங்க, அது நூத்துக்கு நூறு உண்மை. ரெஸ்யூமேல இருக்கற ஆர்டர் கணக்கையெல்லாம் விட்டுட்டு 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைங்கள மூடினத எழுதினேன், நான் அப்ப ஸ்கூல், எங்க தெருவுல பாதி வீட்டுக்கு வேலை போச்சு, ஆனா எங்க ஊர் நொய்யல் ஆறு சாயத்தண்ணியா ஓடினதும் நெசம்தானே, ஆறும் வேணும் வேலையும் வேணும்ங்கறதுதான் எனக்கு முக்கியம்னு எழுதினேன். நொய்யல்னா என்னன்னு அங்க எஸ்ஸேவ படிச்சு பாக்கறவங்களுக்கு தெரியாது, அதுக்கு ஒரு வரி கண்டிப்பா வேணும்.

இன்டர்வியூ கால் இன்னும் வரல. அடுத்த அட்மிஷன் ரவுண்டுக்கு எஸ்ஸே எழுதறவங்க டிராஃப்ட் அனுப்புங்க, கண்டிப்பா படிச்சு சொல்றேன்.