பத்தாலஜிஸ்ட் நோயாளியைப் பார்ப்பதே இல்லையாம்!

நுண்ணோக்கி: பத்தாலஜியில், அதாவது திசு, செல், இரத்தத்தை ஆராய்ந்து நோயறியும் துறையில், அமெரிக்காவில் எந்த ஃபெலோஷிப்பை (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சியை) தேர்ந்தெடுக்கலாம் என்று இங்கே கேட்ட மருத்துவ மாணவிக்கு அறுவை மருத்துவர் கத்திமுனை கொடுத்த பதில் இது: "எதை எடுத்தாலும் ஒன்றுதான். பத்தாலஜியில் நோயாளியின் முகத்தைக் கடைசிவரை பார்க்கப்போவதில்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நான் சைட்டோபத்தாலஜி, அதாவது செல்களைப் பார்த்து நோயறியும் பிரிவு, முடித்தவன். கழுத்துக் கட்டியோடு வருபவரை உட்காரவைத்து, கட்டியைத் தொட்டுப் பார்த்து, ஊசியை நானே குத்துகிறேன். ஸ்லைடில் பூசிச் சாயமேற்றி, செல்கள் போதுமா என்று அங்கேயே பார்க்கிறேன். தைராய்டு என்றால் பொதுவாக ஆறு செல்கூட்டங்களாவது வேண்டும், ஒவ்வொன்றிலும் பத்துச் செல்களாவது இருக்க வேண்டும். போதாவிட்டால் அவரிடமே சொல்லிவிட்டு மறுபடி குத்துகிறேன். இதையெல்லாம் முகத்தைப் பார்க்காமலா செய்கிறேன்?

கத்திமுனை: இத்தனை வருடப் பணியில் ஊசி குத்திய பத்தாலஜிஸ்ட் ஒருவரையும் நான் கண்டதில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்து ரேடியாலஜிஸ்ட் குத்துகிறார். உங்கள் ஆள் மூலையில் உட்கார்ந்து "போதும்", "போதாது" என்கிறார். இதற்குப் பெயர் நோயாளியைப் பார்ப்பதா?

நுண்ணோக்கி: அறுவை அரங்கைவிட்டு வெளியே வராதவருக்குப் புறநோயாளிப் பிரிவில் நடப்பது எப்படித் தெரியும்? அல்ட்ராசவுண்ட் பயிற்சி பெற்ற சைட்டோபத்தாலஜிஸ்ட்களும் இருக்கிறார்கள். ஊசியை நான்தான் குத்துகிறேன்.

மூன்றாமாண்டு: கேள்வி கேட்டது நான்தான். மருத்துவப் படிப்புக்குப் பிறகு திசுப் பிரிவும் ஆய்வகப் பிரிவும் சேர்ந்த ரெசிடென்சிப் பயிற்சி நான்கு ஆண்டுகள். ஃபெலோஷிப் விண்ணப்பம் அதன் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே போய்விடுகிறது என்கிறார்கள். அதற்குள் எல்லாப் பிரிவையும் சுற்றிப் பார்க்க முடியாதே. இப்போதே மருத்துவப் படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்து, மாணவர்களுக்கென்று உள்ள பத்தாலஜி ஃபெலோஷிப்பில் சேர்ந்து பார்க்கலாமா?

பிளாஸ்மா: தாராளமாகச் சேருங்கள். கூடவே இரத்தமாற்று மருத்துவத்தையும் எண்ணிப் பாருங்கள். டி.டி.பி. (நுண் இரத்தக்குழாய்களில் உறைவுகள் ஏற்படும் ஆபத்தான நோய்) நோயாளி நடு இரவில் வந்தால் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையை முடிவு செய்வதும், படுக்கையருகே போய் விளக்கிச் சொல்வதும் நாங்கள். பத்தாலஜியில் நோயாளியோடு பேசுகிறவர்கள் என்றால் முதலில் நாங்கள்தான்.

நுண்ணோக்கி: பேச்சு பிளாஸ்மாவைப் பற்றியல்ல, ஊசியைப் பற்றி.

பிளாஸ்மா: சைட்டோக்காரர்களுக்கு இந்தத் திமிர் எப்போதும் உண்டு. போன மாதம் ஹெமட்டோபத்தாலஜி (இரத்தம், மஜ்ஜையில் நோயறியும் பிரிவு) பற்றிய பேச்சிலும் இப்படித்தான் நுழைந்து கெடுத்தீர்கள்.

வெள்ளையணு: கெடுத்தார், உண்மை. எலும்பு மஜ்ஜை பயாப்ஸியை நாங்களே எடுக்கும் இடங்களும் உண்டு. அதை அன்று சொன்னபோது "அது ஹெமட்டாலஜிஸ்ட் வேலை" என்று என்னை மட்டம் தட்டினார். இன்று அவர் ஊசி மட்டும் உயர்ந்த ஊசியாகிவிட்டது!

கத்திமுனை: சபாஷ், உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இன்னொன்றும் கேளுங்கள். ஊசியால் கட்டியை உறிஞ்சிப் பார்க்கும் முறையை 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து எழுதியவர் ஹேய்ஸ் மார்ட்டின். அறுவை மருத்துவர். நீங்கள் பெருமையடிக்கும் ஊசியே எங்களுடையது.

நுண்ணோக்கி: பாதியை விழுங்கிவிட்டீர்களே. அந்தக் கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதிய எட்வர்ட் எல்லிஸ் ஆய்வக உதவியாளர். ஸ்லைடு தயாரிக்க அவர் இல்லாமல் உங்கள் மார்ட்டின் எதை உறிஞ்சி என்ன பயன்? அவர்களுடையது 18 கேஜ் தடித்த ஊசி. மெல்லிய ஊசி முறை வேரூன்றியது பிறகு ஸ்டாக்ஹோமில், கரோலின்ஸ்காவில். ஊசியைக் குத்துகிறவரே ஸ்லைடையும் படிப்பதுதான் அங்கே வளர்ந்த வழக்கம். நான் செய்வதும் அதையேதான்.

கத்திமுனை: வரலாறு எல்லாம் இருக்கட்டும். இன்று குத்துவது ரேடியாலஜிஸ்ட்.

நுண்ணோக்கி: நான்!

மூன்றாமாண்டு: ஓராண்டு நிறுத்திவைப்பது பற்றி யாராவது சொல்லுங்களேன்.

வெள்ளையணு: சேருங்கள், அம்மா. ரெசிடென்ட் செய்யும் வேலையையே செய்வீர்கள். அறுவையில் வந்த உறுப்பை அளந்து வெட்டுவது, அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் உறைதிசு ஆய்வு, பிரேதப் பரிசோதனை எல்லாம் கைக்கு வரும். பிடித்ததா இல்லையா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். சைட்டோவோ ஹெமட்டோவோ இப்போது முடிவு செய்ய வேண்டாம். ஆனால் மூளை, நரம்பு பற்றிய நியூரோபத்தாலஜி மற்றவை போல ஓராண்டில் முடியாது, இரண்டு ஆண்டுகள். அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கத்திமுனை: உறைதிசு என்றதும் நினைவுக்கு வருகிறது. நோயாளியை மயக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் காத்து நிற்போம், நீங்கள் ஆற அமரத் தொலைபேசியில் அழைப்பீர்கள்.

நுண்ணோக்கி: இருபது நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு ஓடுகிறோம். எங்கிருந்து வெட்டியது என்றுகூடக் குறிக்காமல் திசுவை அனுப்புகிறவர் தாமதத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

கத்திமுனை: குறிக்கிறோம். படிக்கத்தான் ஆளில்லை.

பிளாஸ்மா: அந்தப் பெண் கேட்டது வேறு, இங்கே நடப்பது வேறு.

நுண்ணோக்கி: அந்தப் பெண்ணுக்காகத்தான் பேசுகிறேன். முகமே பார்க்காத துறை என்று நம்பி ஒரு நல்ல மாணவி விலகிப்போனால் யார் பொறுப்பு? கத்திமுனை முதலில் அந்த வரியைத் திரும்பப் பெறட்டும்.

கத்திமுனை: பெறமாட்டேன். அல்ட்ராசவுண்ட் அறையில் யார் நிற்கிறார் என்று போய்ப் பாருங்கள்.

நுண்ணோக்கி: நான் நிற்கிறேன். ஊசியோடு.